ராசாவைப் பற்றி ஐந்து வசனம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அறுபத்தாறு வயதில் ஒஸ்லோவில் திரும்பவும் வகுப்பு வாங்கில் போய் இருந்தேன். எல்லிங்ஸ்ருட் பகுதியில், வயது போனவர்களுக்கென்று நடந்த நோர்வேஜிய மொழி வகுப்பு அது. கடைசி நாள் எல்லோரும் மியூசியத்துக்குப் போய், அங்கே வைத்திருக்கும் ஒரு பழங்காலச் சிற்பக் கல்லைப் பற்றி ஆளுக்கு ஐந்து வசனம் சொல்ல வேண்டும். சொன்னால் சான்றிதழ். சொல்லாவிட்டால் கோப்பியும் கேக்கும் மட்டும். எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். என் பெயர் போட்டு அதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் விசாவும் மருந்துச் சீட்டும்தான்.

கல்லின் படத்தை ஆசிரியை முன்கூட்டியே தந்திருந்தார். மகளின் மகள் அதைப் பார்த்து வசனங்களை எழுதித் தந்தாள்.

“அம்மம்மா, இவர் பெரிய ராசா. கடவுள் அவருக்கு மேலை நிக்கிறார். சண்டையிலை வெண்டவர். இதைப் பாடமாக்கினால் காணும்.”

“தாடி நல்ல வடிவாப் பின்னிக் கிடக்கு. ஆர் பின்னிவிட்டது?”

“அது தேவையில்லை.”

“சண்டைக்குப் போற அவசரத்திலை தானாப் பின்னியிருக்க மாட்டார், பிள்ளை.”

“நீங்கள் அங்கை ஒண்டும் கதைக்க மாட்டியள். கேக்கைச் சாப்பிட்டிட்டு வருவியள், பாருங்கோ.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இரண்டு கிழமை, சமைக்கும்போதும் உடுப்பு மடிக்கும்போதும், அந்த ராசாவையே முணுமுணுத்தேன்.

பனி உருகிச் சேறாகக் கிடந்த நாளில் போனோம். மியூசிய மண்டபம் இருட்டு. கல்லுக்கு மட்டும் சின்ன வெளிச்சம். மேலே செட்டை விரித்த கடவுள், கீழே வில்லோடு ராசா. அசல் மூலஸ்தானம். என்னைக் கேளாமலே கால் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. கையும் கும்பிட்டுவிட்டது. பின்னால் வந்த சோமாலிப் பெண், இங்கே இதுதான் சட்டமாக்கும் என்று தானும் கழற்றினாள். அவளைப் பார்த்து மற்றவர்கள். திரும்பினால், கல்யாண வீட்டு வாசல் மாதிரிப் பதினொரு சோடி பனிச்சப்பாத்து. காவலாளி ஓடி வந்தார். ஆசிரியை சிரிப்பை விழுங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

பிறகு ஆசிரியையே விளக்கினார். அந்த ராசா தன் கடவுளிடம் கேட்டுத்தான் படை நடத்துவாராம். பிடித்த ஊர்களை எரிப்பாராம், சனத்தைத் துரத்துவாராம். எல்லாம் கடவுளுக்காகச் செய்தது என்று கல்லிலும் வெட்டி வைப்பாராம்.

“இது எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்” என்றாள் எங்களோடு படித்த ஈராக்கியப் பெண். அங்கே அப்போதும் போர் நடந்துகொண்டிருந்தது.

என் முறை வந்தது. ராசாவைத் தொடங்க வாயெடுத்தவள், கல்லின் கீழ் மூலையைப் பார்த்துவிட்டேன். அங்கே ஒரு பெண், தோளில் மூட்டை, கையில் பிள்ளை, வெறுங்கால். படத்தில் அவள் கடுகளவு. நான் கவனிக்கவேயில்லை.

போர் வந்து நாங்கள் ஊரோடு வெளிக்கிட்ட நாளில் என் தலையிலும் மூட்டை இருந்தது. அதற்குள் தேங்காய் துருவுகிற துருவலை இருந்தது. தேங்காய் இல்லை. எனக்கு அவ்வளவு புத்தி. ஷெல் விழுந்துகொண்டிருக்க, கோயிலைத் தாண்டும்போது பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டேன். பின்னால் வந்த சனம் தள்ளியது. செருப்பு கோயிலடியில் நின்றுவிட்டது, நான் போய்விட்டேன். மிச்ச வழி முழுக்க வெறுங்கால்.

பாடமாக்கிய ராசா எங்கேயோ ஓடிவிட்டார். நான் விரல் மடித்து எண்ணியபடி, நொண்டி நொண்டி நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

“இந்தப் பெண்ணுக்குச் சப்பாத்து இல்லை. மூட்டை பாரம். பிள்ளைக்குப் பசி. ராசா கடவுளிடம் கேட்டார். இவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.”

ஐந்து விரலும் மடிந்திருந்தன. ஈராக்கியப் பெண் போய் என் சப்பாத்தை எடுத்து வந்து என் காலடியில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி கேட்டாள். “ராசாவைப் பற்றிச் சொன்னனீங்களோ?”

“இல்லை. அவருக்குத்தான் கல்லு இருக்கே.”

“அப்ப சான்றிதழ் தரேல்லையோ?”

கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். என் பெயரை வாசித்தாள். எனக்குக் காது நல்லாகவே கேட்கும். ஆனாலும் இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னேன், அடுத்த அறையில் நின்ற மகளுக்கும் கேட்கட்டும் என்று.

“கேக்கும் சாப்பிட்டனான்” என்றேன். “ரெண்டு துண்டு.”