விடுப்பு கேட்கப் போன வழி

நடப்பது எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. காலையில் நடந்தால் மனம் தெளிகிறது என்பவர்களைப் பார்த்தால், அவ்வளவு நாளும் அது எப்படிக் கலங்கிக் கிடந்தது என்றுதான் கேட்கத் தோன்றும்.

ஆனால் மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். சர்க்கரை மாத்திரைக்கு அடங்கவில்லை. மூன்று மாதம் தினமும் நடக்க வேண்டும். அடுத்த பரிசோதனையிலும் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி. அதை வயிற்றில் நானே குத்திக்கொள்ள வேண்டும். அடுத்தவருக்கு ஊசி போட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் நான். "என்னைக் கூப்பிடாதீங்க, எனக்கும் பயம்" என்று மனைவி முன்கூட்டியே விலகிக்கொண்டாள்.

முதல் வாரம் பாதி நாள்தான் நடந்தேன். மற்ற நாட்களுக்குக் காரணங்கள் இருந்தன. எல்லாமே ஏற்கத்தக்கவை, ஏனென்றால் கேட்டவனும் நான், ஏற்றவனும் நான். ஊழியர்களின் விடுப்பைக் கவனிக்கிற பிரிவில் ஆயுளைக் கழித்தவனுக்கு இதில் உள்ள முறைகேடு தெரியாதா? விடுப்பு உரிமை அல்ல. முன் அனுமதி வேண்டும். கொடுப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும்.

எனக்கு வீடு பெருமாள்புரத்தில். அங்கிருந்து அரை மணி நேர நடைத் தூரத்தில், முருகன்குறிச்சியில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் சார்வாள். அவரிடம் போய், நான் நடக்காத நாளுக்கு இனி நீங்கள்தான் விடுப்பு தர வேண்டும் என்றேன்.

"போன்ல கேப்பீரா?"

"போன்ல எவனும் பொய் சொல்லுவான், சார்வாள். நேர்ல வந்துதான் கேக்கணும்."

"வண்டியில வந்தீருன்னா?"

"வண்டி ஓட்டத் தெம்பு இருக்கவனுக்கு விடுப்பு எதுக்கு? நடந்துதான் வரணும்."

அவர், "நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதீரா வே?" என்றார். விதிகளைப் பற்றி என்னிடமே கேட்கிறாரே என்று எனக்குச் சற்று வருத்தம்.

ஐப்பசியில் ஒருநாள் விடியும்போதே மழை. இன்று நடக்க முடியாது என்று முடிவுசெய்து, குடையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வே, இப்படி நனைஞ்சுக்கிட்டு நிக்கீரு?"

"மழையா இருக்கு, சார்வாள். இன்னைக்கு நடக்கதுக்கு இல்ல. விடுப்பு வேணும்."

என் வேட்டிக்கரையில் அப்பியிருந்த சேற்றை அவர் நிதானமாகப் பார்த்தார்.

"தந்தாச்சு. பைய வீட்டுக்கு நடந்து போம்."

பாதி வழி திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைய நடையை முடிக்காமல் அன்றைய விடுப்பைப் பெற வழியே இல்லை. விதியை ரத்து செய்யும் அதிகாரம் என்னிடம்தான் இருந்தது. செய்யவில்லை. பணிக்காலம் முழுக்க எத்தனையோ ஆணைகளுக்கு வரைவு எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எவனாவது ஒரு சந்து கண்டுபிடித்திருக்கிறான். இதில் என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதை எப்படி ரத்து செய்ய மனம் வரும்?

அதற்குப் பிறகு தலைவலிக்கு, கல்யாண வீட்டுக்கு, வெறும் சோம்பலுக்கு என்று அடிக்கடி விடுப்பு கேட்கப் போனேன். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், ஊசி வேண்டாம், மாத்திரையே போதும் என்றார். விடாமல் நடந்ததற்குப் பாராட்டவும் செய்தார். பெரும்பாலும் விடுப்பில்தான் இருந்தேன் என்ற உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

நேரே சார்வாளிடம் போய்ச் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம்தான்.

"அப்போ இனிமே விடுப்பு கேட்டு வரமாட்டீரு, என்ன?"

"நாளைக்கே ஒண்ணு வேணும், சார்வாள். காலையில வாறேன்."