இரண்டு வீட்டிலும் வெள்ளைப் பூ

போன வெள்ளிக்கிழமை காலை, மன்னார்குடியில் நண்பர் ராஜேந்திரன் குடும்பத்துடன் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். வெறுமனே கும்பிட அல்ல... பூப் போட்டுப் பார்க்க.

அவர் மகள் கவிதா, கால்நடை டாக்டர். ஒரத்தநாட்டில் கூடப் படித்த பிரபுவைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாள். பையனுக்கு ஊர் வலங்கைமான். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு இல்லை, சம்மதமும் இல்லை. சாமி சொன்னால் சரி என்று இரண்டு அப்பாக்களும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. தனித்தனி வாழையிலைத் துண்டில் மடித்துச் சாமி காலடியில் வைத்தார் குருக்கள். இரண்டுமே அரளி என்பதால் வாசனை காட்டிக்கொடுக்காது. கும்பிட வந்த ஒரு குழந்தையிடம் ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்.

வெள்ளை. ராஜேந்திரன் வீட்டு வழக்கத்தில் அதுதான் சம்மதம்.

வீட்டுக்கு வந்ததும் போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பையனின் அப்பாவிடம் பேசினார். அவர்களும் அன்று காலையிலேயே தங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பார்த்துவிட்டார்களாம்.

"எங்களுக்கும் வெள்ளைதாங்க வந்துச்சு," என்றார் அவர் தயங்கியபடி. "ஆனா எங்க வழக்கத்துல சிவப்புதாங்க உத்தரவு. வெள்ளைன்னா வேணாம்."

யோசித்துப் பாருங்கள் — இரண்டு சாமியும் ஒரே பூவைக் கொடுத்தால் கல்யாணம் கிடையாது!

பொதுவான ஒரு கோயிலில் சேர்ந்து பார்க்கலாம் என்றார் அவர். சரி, எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம்? அதில் கால் மணி நேரம் போனது. கவிதா தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவள் அம்மாதான் கேட்டார்: "ஏண்டி, அங்கயும் வேணாம்னு வந்தா விட்டுருவியா?"

"மாட்டேம்மா."

"அப்புறம் எதுக்குக் காலையில கோயிலுக்கு வந்த?"

"அப்பாவுக்கு ஒரு தைரியம் வேணும்ல... அதுக்குத்தான்."

ஸ்பீக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நினைவு வந்து ராஜேந்திரன் போனை எட்டிப் பார்த்தார்.

"என் பையனும் இதையேதாங்க சொல்றான்," என்றது போன். கூடவே, "மண்டபம் அங்கயா, இங்கயாங்க, சம்பந்தி?"

பூப் போட்டுப் பார்த்த பல குடும்பங்களை எனக்குத் தெரியும். காதலிக்கிறவர்கள் தங்கள் முடிவை முன்பே எடுத்துவிடுகிறார்கள். பூ வேண்டியிருப்பது பெற்றவர்களுக்குத்தான் — நாலு பேர் கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டாமா?

மண்டபத்தை மட்டும் இரண்டு அப்பாக்களும் பூப் போடாமல், நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம்.