சேலையில் ஏறிய புகை

வள்ளித்தாயின் புருஷன் பூவனலிங்கம், கோவில்பட்டியில் ஒரு பாரில் இருபது வருஷம் மேசை துடைத்தவர். சட்டையெல்லாம் சிகரெட் நாற்றம். "ஏட்டி, நான் தொட்டதே இல்ல" என்பார். நம்பாமல், காளி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தாள். நுரையீரல் கெட்டு அவர் செத்ததும், பொய்ச் சத்தியத்துக்குச் சாமி கொடுத்த கூலி என்று ஊரெல்லாம் சொன்னாள்.

போன வாரம் அவருடைய டிபன் பாக்ஸை வாங்க அந்தப் பாருக்குப் போனாள். புகை பிடிக்காதே என்ற போர்டே புகையில் பழுத்துக் கிடந்தது. அதற்குக் கீழே நாலு பேர் ஊதிக்கொண்டிருந்தார்கள். பார்க்காரர் பாக்ஸைத் தேடி எடுத்துக் கொடுக்கும்வரை அங்கேயே நின்றாள்.

வீட்டு வாசலில் மகள் கிருஷ்ணப்ரியா மூக்கைச் சுளித்தாள். "ஏம்மா, உன் சேலைல சிகரெட் நாத்தம் அடிக்கு?"

"ஏட்டி, நான் தொட்டதே இல்ல" என்றாள் வள்ளித்தாய்.

சொன்ன குரல் அவருடையதாக இருந்தது.