பனைமரத்தின் காலடியில் ஒரு கோல்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஆவடியில் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. பேருக்குத்தான் ஃபிட்டர், பட்டறை டீமுக்குப் பந்து உதைக்கத்தான் சம்பளம். கால் ஓடும்வரைதான் சோறு.

அந்த ஐப்பசியில் முட்டி பிசகியது. கட்டுப் போட்டும் சரியாகவில்லை. 'சிப்பாய்கள் டீமோடு ஆடும் மேட்ச் முடிந்ததும் நீ நின்றுகொள்' என்று சொல்லிவிட்டார் வெள்ளைக்கார மேனேஜர் துரை. வீட்டில் கைக்குழந்தை. பட்ட காலிலேயே படும் என்பார்களே, என் இடத்தில் ஆட வந்தவன் பூந்தமல்லிக்காரன், என்னைவிட வேகம். அவனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

மேட்ச் அன்று விடாத மழை. நம்மவர்களுக்கு வெறுங்கால், சிப்பாய்களுக்கு பூட்ஸ். அவர்களுடைய கோல் காக்கும் கோலி நெட்டை ஆள். பூந்தமல்லிக்காரன் உயர உயர அடிக்க, அவன் நின்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தான். கோட்டுக்கு வெளியே தடியூன்றி நின்ற எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது? பனமரத்தோட உச்சியில அடிக்கிறியே, கய்தே! காலாண்ட உடுடா!"

மேட்ச் முழுக்க இதே வசவுதான். சொல்லிக்கொடுக்கவா கத்தினேன்? சத்தியமாக இல்லை. வயிற்றெரிச்சல்தான் கத்தியது.

கடைசி நேரத்தில் அவன் பந்தைத் தரையோடு தரையாக விட்டான். பூட்ஸில் அப்பிய சேற்றோடு கோலி குனிவதற்குள் பந்து உள்ளே போய்விட்டது. ஜெயித்துவிட்டோம்!

துரை குடையோடு ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவனோ என்னைக் காட்டி, தெரிந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொன்னான்: "கோச், சார்! கோச்!"

நான் விடாமல் கத்தியதைத் துரையும் பார்த்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்; சிரித்தார். மறுநாள் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, டீமைப் பழக்கச் சொன்னார்.

அவனைத் தனியே பிடித்துக் கேட்டேன். "ஏன்டா அப்டி சொன்னே? நான் உன்னைத் திட்டிகினுதானே இருந்தேன்?"

"எனக்குத் தெரியாதா இன்னா? தொரைக்குத் தமிழ் தெரியாதே, அண்ணாத்தே!" என்று சிரித்தான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் பிழைத்தது என் வாயால் இல்லை, அவன் வாயால். அதற்கப்புறம் பல வருஷம் எத்தனையோ பேருக்குப் பந்தை அடுத்தவனுக்குத் தள்ளிவிடப் பழக்கினேன்; தான் போட்ட கோலையே அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டவன் அவன் ஒருவன்தான்.