சீனத்துக் கிளர்ச்சியும் என் நாலாவது டெஸ்டும்

சீனாவில் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் தோற்றுப்போன ஒரு கிளர்ச்சி, அமெரிக்காவில் பிளானோவில் எங்கள் சாப்பாட்டு மேஜை மேல் மூன்று வாரம் வென்றுகொண்டிருந்தது. காரணம் என் மகள். பத்தாம் வகுப்பு. தோற்ற கிளர்ச்சி ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, அது வென்றிருந்தால் உலகம் எப்படி ஆகியிருக்கும் என்று எழுதி வரும்படி அவளுடைய வரலாற்று ஆசிரியை சொல்லியிருந்தார். இவள் தைப்பிங் கிளர்ச்சியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற கிளர்ச்சியே கெடைக்கலையா கண்ணு?" என்றேன்.

"அம்மா, அந்த லீடர் எக்ஸாம்ல ஃபோர் டைம்ஸ் ஃபெயில். யூ வில் லைக் ஹிம்."

"நான் மூணு தடவதான்டி."

மூன்று தடவை தோற்றது கார் ஓட்டும் டெஸ்டில். பதினாலு வருடம் நியூ ஜெர்சியில் இருந்தோம். கடைக்கு நடை, மற்றதற்கு ரயில், அவசரத்துக்கு வீட்டுக்காரர். கார் ஓட்டத் தெரியாதது ஒரு குறையாகவே தோன்றவில்லை. போன வருடம் கிரீன் கார்டு வந்தது, அவருக்கு பிளானோவில் லெகசி என்கிற ஆபீஸ் வட்டாரத்துக்கு வேலை மாறியது, டெக்ஸஸ் வந்து சேர்ந்தோம். இங்கே கார் இல்லாமல் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்க முடியாது.

கொத்தமல்லிகூடப் பரவாயில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஐந்து வருடம் வரலாறு டீச்சராக இருந்தவள் நான். இங்கே விசா வேலை செய்ய விடவில்லை. இப்போதுதான் பக்கத்து ஊரான ஆலனில் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளியில் உதவி ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருக்கிறோம், அதற்குள் லைசன்ஸ் வாங்கிவிடுங்கள் என்று பள்ளியை நடத்தும் அம்மாள் சொல்லியிருந்தார். வீட்டுக்காரரின் ஆபீஸ் எதிர்த்திசை, பஸ் கிடையாது. அந்த வேலை எனக்கு வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், கல்யாணத்தைவிட அதிகமாக ஆசைப்பட்டேன்.

முதல் டெஸ்டில் நிறுத்தக் கோட்டில் முழுதாக நிற்கவில்லை. இரண்டாவதில் பார்க்கிங் செய்யும்போது கம்பத்தை இடித்தேன். மூன்றாவதில் ஹாரன் அடித்தேன். கோயமுத்தூரில் மொபெட் ஓட்டிய கை இது. திருப்பத்தில் ஹாரன் அடிக்காமல் போவது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. ஒரு வயதானவர் நாயோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். 'பாத்துப் போங்கய்யா, நான் வர்றேன்' என்கிற அர்த்தத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டினேன். நாய் துள்ளியது, அவர் தடுமாறினார், பக்கத்தில் இருந்த அதிகாரி எழுதத் தொடங்கினார். அந்தப் பேனா நிற்கவே இல்லை. மூன்று வாய்ப்பும் முடிந்தது, இனிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்தச் சீனாக்காரரும் மூன்றாவது தோல்விக்கு அப்புறம்தான் படுக்கையில் விழுந்தாராம். அரசாங்க வேலைக்கான தேர்வு. காய்ச்சலில் ஒரு கனவு. நான்காவது தோல்விக்குப் பிறகு, தான் இயேசுவின் தம்பி என்று முடிவு செய்து, ஆள் சேர்த்து, நான்ஜிங் நகரத்தைப் பிடித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆண்டிருக்கிறார். கடைசியில் தோற்றார்கள். கோடிக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். நாலு மார்க் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா அந்த வாத்தியார் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

தினமும் சாயங்காலம் மூடிக் கிடந்த ஒரு கடையின் பார்க்கிங்கில் பயிற்சி. நான் ஸ்டியரிங்கில். பக்கத்தில் வீட்டுக்காரர், ஒரு கையால் ஜன்னலுக்கு மேலுள்ள பிடியைப் பற்றித் தொங்கிக்கொண்டு, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்தபடி. பின்சீட்டில் மகள், நோட்டும் பேனாவுமாக. நான் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் வண்டியை நுழைக்கப் பார்க்க, அவள் சீனக் கிளர்ச்சியை ஜெயிக்க வைத்துக்கொண்டிருப்பாள்.

"அபினைத் தடை பண்ணிட்டாங்கம்மா. வென் தே வின், நோ ஓப்பியம் இன் சைனா."

"அந்த அபின் எங்கிருந்து போச்சு? நம்ம வடக்க வெளஞ்சதுதான். வெள்ளக்காரன் பெட்டி பெட்டியா அனுப்பிச் சம்பாதிச்சான். அது நின்னா அவன் கஜானா காலி. அப்ப என்ன பண்ணுவான்?"

"வாட்?"

"நம்ம தலைல வரி போடுவான். ஜனங்க எத்தன நாள் பொறுப்பாங்க? நம்ம சுதந்திரம் முன்னாடியே வந்திருக்கும், எழுதிக்க."

"பிரேக்கு, பிரேக்கு" என்றார் வீட்டுக்காரர். மிதித்தேன். அவர் மூச்சு விட்டுவிட்டு, "அப்படின்னா நாமெல்லாம் நான்ஜிங்ல ஐடி வேல பாத்துட்டு, சீன விசாவுக்கு வரிசைல நின்னுட்டிருப்போம்" என்றார்.

"அங்கயாச்சும் பஸ் இருந்திருக்குமுங்க" என்றேன்.

பதினஞ்சு வருடத்தில் நாங்கள் மூன்று பேரும் இவ்வளவு சிரித்துப் பேசியதில்லை. அந்த ராஜ்யத்தில் பெண்களின் பாதத்தைக் கட்டக் கூடாது, பெண்களும் படையில் சேரலாம் என்று அவள் வாசித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனி முகாமில் வைத்தார்கள் என்றாள். பயிற்சி நேரத்துக்கு அது நல்ல சட்டம் என்று சொன்னேன். அவர் பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

சண்டை வந்தது கட்டுரையின் முடிவில்தான். ராஜா ஜெயித்ததும் முதல் வேலையாகத் தேர்வுகளை ஒழித்துவிடுவார் என்று அவள் எழுதியிருந்தாள்.

"ஒழிக்கலடி. நான்ஜிங்கப் புடிச்ச சூட்டோட அவங்களே தேர்வு வெச்சாங்க. பாடப் புத்தகத்த மட்டும் மாத்தினாங்க."

"தட் மேக்ஸ் நோ சென்ஸ்!" அவளுக்குக் கோபம். தோற்றால் எப்படி வலிக்கும் என்று தெரிந்த மனிதன் எப்படி மற்றவர்களை அங்கே உட்கார வைப்பான்? அவர் மாறியிருப்பார் என்றாள். அவர் மாறியிருக்க மாட்டார் என்றேன். ஏன் என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு முடிவுப் பத்தி மட்டும் எழுதாமல் கிடந்தது.

நாலாவது டெஸ்ட் ஒரு வெள்ளிக்கிழமை காலை. மாதம் முடிய மூன்று நாள். மகளுக்கு அன்றைக்குப் பள்ளி விடுமுறை, வீட்டுக்காரரோடு அவளும் கூட வந்தாள். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து ஸ்டியரிங் நடுவில், ஹாரன் மேல் ஒட்டினாள். தமிழ்ப் பள்ளியில் கற்ற கோணல் எழுத்தில் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

கறுப்புக் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா ஏறியதும் அதைத்தான் பார்த்தார். என்ன இது என்றார். ஹாரன் அடிக்காதே என்று என் மகள் எழுதியிருக்கிறாள் என்றேன். சிரிக்கவில்லை. ரிவர்ஸ் எடுங்கள் என்றார். கம்பங்களுக்கு நடுவே வண்டி நேராக நின்றது. தெருவில் ஒரு பையன் சைக்கிளில் குறுக்கே வந்தான். என் கட்டைவிரல் துடித்தது. மஞ்சள் சீட்டைப் பார்த்தேன், பிரேக்கை மிதித்தேன், அவன் போகும்வரை காத்திருந்தேன். திரும்பி வந்து நிறுத்தியதும் அந்தம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, "உங்கள் மகளுக்கு நன்றி சொல்லுங்கள்" என்றார்.

பார்க்கிங்கிலேயே ஆலனுக்குப் போன் பண்ணினேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். வீட்டுக்காரர் எல்லார் எதிரிலும் என் தோளைப் பிடித்து உலுக்கினார், கண் கலங்கியிருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மகளிடம் பழகுநர் லைசன்ஸ் இருந்தது. வீட்டுக்கு நான் ஓட்டுகிறேன் என்றாள். சந்தோஷத்தில் சாவியைக் கொடுத்துவிட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார், வழக்கம்போலப் பிடியில் தொங்கினார். நான் பின்சீட்டில், அவளுடைய நோட்டுக்குப் பக்கத்தில்.

"கண்ணாடி பாத்தியா? இன்டிகேட்டர் போடு. மெதுவா. மெதுவான்னேன். என்ன இது, கோட்ட ஒட்டிப் போற? இப்படி ஓட்டினா ஜென்மத்துக்கும் பாஸ் பண்ண மாட்டே. பிரேக்கு, பிரேக்கு!"

அடுத்த சிவப்பு விளக்கில் அவள் வண்டியைப் பதமாக நிறுத்தினாள். திரும்பவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"ஓகே அம்மா. யூ வேர் ரைட். தேர்வ அவர் ஒழிச்சிருக்க மாட்டாரு."

ஹாரன் மேலிருந்த மஞ்சள் சீட்டைப் பிரித்து, கையைப் பின்னால் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். லைசன்ஸ் வாங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்குமா, தெரியாது. வீடு வரும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், வலது காலால் மட்டும் தரையை மிதித்தபடி.