தறிச் சத்தத்தில் பிறந்த பேச்சு

தொண்ணூறுகளின் நடுவில், வேலூரில் அம்மாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. ஆரணியில் எங்கள் தெருவுக்கே கேட்ட குரல் அது. வீட்டில் இருந்தபடியே சந்தையில் விலை கேட்பாள் என்று அப்பா கேலி செய்வார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் அந்தக் கேலியை எடுக்கவே இல்லை.

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எழுதிக் காட்டவும் வழியில்லை. உதட்டை அசைப்பாள். நானும் அப்பாவும் போட்டி போட்டுக்கொண்டு, "தண்ணியா? மாத்திரையா? கஞ்சியா?" என்று கத்துவோம். குரல் போனவளிடம் நாங்கள் ஏன் கத்தினோம் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவள் காது நன்றாகத்தான் இருந்தது. நாலைந்து நாள் பார்த்துவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உதடும் அசையவில்லை. இவள் பிழைத்தும் நமக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரம் லீவு நாளில் எதிர்த்தறி அத்தை வந்தாள். விசைத்தறி ஷெட்டில் அம்மாவுக்கு எதிரே பல வருஷமாகத் தறி ஓட்டுகிறவள். எங்களிடம் ஒன்றும் கேட்காமல், கட்டிலைச் சுற்றிப்போய் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அம்மாவின் உதடும் அசைந்தது. பிறகு அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

வெகுநேரம் பேசினார்கள். புருவம் ஏறி இறங்கியது. யாரையோ நினைத்து இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அம்மா தோள் குலுங்கச் சிரித்தாள். சுவர்க் கடிகாரம் ஓடுவதுகூட வீட்டில் கேட்டது.

"இன்னாம்மா பேசிகினு கீறீங்க?" என்றார் அப்பா.

"ஷெட்டு கததாண்ணா. அந்த சத்தத்துல யாருக்கு இன்னா காதுல உழும்? நாங்க எல்லாம் இப்டிதான் பேசிக்குவோம்." அத்தை என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, உங்கம்மா இத்தினி நாளா ஒண்ணுதான் சொல்லிகினு கீது. டைப்பு பரிச்சைய உட்டுடாத, கெளம்பி போன்னுது. நீ இன்னாடான்னா கஞ்சிய எத்தாந்து எத்தாந்து நீட்டுறியாம்."

பேச்சு தொண்டையில் இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காதைப் பிளக்கும் தறிகளுக்கு நடுவே நின்று, யாரும் சொல்லித் தராமல், ஊர்வம்பு பேசும் ஆசையிலேயே இந்தப் பெண்கள் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். வம்பைப் பற்றி நான் அதன்பிறகு குறைவாக எண்ணியதே இல்லை.

விட்டுவிட இருந்த டைப்ரைட்டிங் பரீட்சையை எழுதினேன், பாஸும் ஆனேன். மாலையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து அவள் உதட்டைப் படித்தேன். முதலில் புரிந்தது திட்டுதான். கொஞ்ச மாதத்தில் அம்மா, கழுத்தில் மூச்சுவிட வைத்த துளைமேல் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தறிக்குப் போனாள். அங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஷெட்டுக்குள் எல்லோரும் அவளைப் போலத்தான் பேசினார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எனக்குக் கல்யாணம். மணமேடையில் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். கெட்டிமேளம் முழங்கியது. பக்கத்தில் நாத்தனார் என் காதில் சொன்னதுகூடக் கேட்கவில்லை. ஓரக்கண்ணால் அம்மாவைத் தேடினேன். பந்தியைக் கவனிக்கப் போனவள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, மண்டபத்தின் கடைசியில் எதிர்த்தறி அத்தையோடு நின்றிருந்தாள். என் கண்ணைப் பார்த்ததும் அவள் உதடு அசைந்தது.

"தலைய தூக்குடி. நான் நெய்ஞ்ச பொடவ, எல்லாரும் பாக்கட்டும்."

அத்தனை மேளத்திலும் எனக்குக் கேட்ட ஒரே குரல் அதுதான். தலையைத் தூக்கினேன்.