தெருவில் மேஜை போடும் நாள்

எங்கள் ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப்பேருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. ஏதாவது பதற்றம் என்றால் இடது கால் தானாகத் தரையை அழுத்தும். பரீட்சை ஹாலிலும் அழுத்துவார்கள், பெண் பார்க்கப் போன வீட்டு சோபாவில் உட்கார்ந்தும் அழுத்துவார்கள். எல்லோருக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஆள். "கிளட்சை மிதி, அப்புறம் கடவுளைக் கூப்பிடு" என்பது அவர் பாடம். அதனால் பெயரே கிளட்ச் அக்கா என்று ஆகிவிட்டது.

அக்கா குள்ளம். ஓட்டும்போது கீழே ஒரு திண்டு போட்டுக்கொள்வார். அவர் கணவர் சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைப்பவர், அந்தத் திண்டும் அவர் தைத்ததுதான். வீட்டில் பேசுவது அக்கா, கேட்பது அவர். இரண்டு பேருக்கும் அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

பக்கத்து நாட்டோடு சண்டை வந்த வருஷம் ராணுவ ஆம்புலன்சுக்கு ஓட்டுநர் போதவில்லை என்று அறிவிப்பு வந்தது. அக்கா போய்ப் பெயர் கொடுத்தார். சண்டை முடியும்வரை எல்லை மலைப்பாதையில் வண்டி ஓட்டிவிட்டு, திரும்பி வந்த மறுவாரமே பழைய காரை எடுத்துக்கொண்டு பாடத்துக்கு வந்துவிட்டார். அங்கே பார்த்ததைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. நாங்களும் தோண்டிக் கேட்கவில்லை.

இனி மேஜை போடும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர் போய் மரங்களில் தளிர் விடும் முதல் ஞாயிறு. அன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாப்பாட்டு மேஜையைத் தெருவுக்குத் தூக்கி வருவார்கள். மேஜையோடு மேஜை சேர்த்துப் போட்டால் தெருமுனை தண்ணீர்க்குழாயிலிருந்து தையல்கடை வரை ஒரே பந்தி. உயரம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஒரு வீட்டுத் தட்டை நகர்த்தினால் அடுத்த வீட்டு மேஜையில் விழும். யார் சமைத்ததை யார் சாப்பிட்டார் என்பதும் தெரியாது, யார் நாற்காலி யார் வீட்டுக்குப் போனது என்பதும் தெரியாது. வருஷம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அண்ணன் தம்பிகூட அன்று உப்பை எடுத்துக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம், எல்லை தாண்டி இருப்பவர்களும் அதே ஞாயிறு இப்படித்தான் மேஜை போடுவார்கள். சண்டைக்கு முன்னால் அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

தெருச் சங்கத்துச் செயலாளர் எங்கள் மருந்துக்கடைக்காரர். சண்டையில் அவருடைய ஒரே மகன் போய்விட்டான். அடுத்த வசந்தத்தில் தெருவில் யாரும் மேஜை போடவில்லை, போட மனசும் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் ஆறேழு வீட்டார் போட்டார்கள். அவர் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வருஷம் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"அன்னைக்கு அவங்களும் அங்க உக்காந்து சாப்பிடுவாங்க. என் பையனைக் கொன்னவனும் அதுல இருப்பான். அவன் வாயில சோறு வைக்கிற நேரத்துல நானும் வைக்கணுமா? இந்த நாள் நமக்கு வேண்டாம்."

யார் என்ன பேச முடியும்? கடைசியில் வரி ஆபீசில் வேலை பார்க்கிறவர் ஒரு வழி சொன்னார். நாளை விடவேண்டாம், பெயரை மாற்றிவிடலாம். வீரர் நாள் என்று வைப்போம். எல்லா மேஜைக்கும் தேசியக்கொடி அச்சடித்த விரிப்பு போடுவோம், நின்று கீதம் பாடிவிட்டுச் சாப்பிடுவோம். மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். அப்பாடா என்று எல்லோரும் கை தூக்கினோம். அக்கா மட்டும் தூக்கவில்லை, எதிர்த்தும் பேசவில்லை.

விரிப்புகள் வீடு வீடாக வந்து சேர்ந்தன. மறுநாள் காலையே அக்கா தன்னுடையதை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார்.

"இது எனக்கு வேண்டாம்ணே."

"அளவு சரியில்லையா?"

"அளவெல்லாம் சரிதான். வேண்டாம்."

வேறு எதுவும் சொல்லாமல் கவுண்டரில் வைத்துவிட்டு வந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது. கொடியையே திருப்பிக் கொடுத்துட்டாளாமே என்றார் ஒருவர். மலைப்பக்கம் போனவளுக்கு அந்தப் பக்கத்து ஆள் யாராவது பழக்கமாகியிருக்கும் என்றது ஒரு வாய். பாடத்துக்கு வந்த இரண்டு பேர் காய்ச்சல் என்று நின்றுவிட்டார்கள். ஒரு காலையில் காரின் பின் கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் 'துரோகி' என்று எழுதியிருந்தார்கள்.

கணவர் அதைப் பார்த்தார். ஈரத்துணி கொண்டுவந்து கண்ணாடியை முழுக்கத் துடைத்தார், அந்த இடத்தை மட்டும் துடைத்தால் தெரியுமே என்று. பிறகு முன் சீட்டில் மனைவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன்னு நான் கேக்கலாமா?"

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். சொல்லி முடித்தபோது கணவர் ஈரத்துணியை மடித்து மடியில் வைத்தார்.

"இதை மருந்துக்கடைக்காரர்கிட்ட சொல்லிடேன்" என்றார்.

"எப்படிங்க சொல்றது? அவர் பையனும் அப்படித்தானே வந்திருப்பான்."

ஞாயிறு வந்தது. விரிப்புகளோடு மேஜைகள் வரிசையாக நின்றன, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நடுவில் அக்கா வீட்டு மேஜை மட்டும் வெறும் பலகையாக, சூடு பட்ட வட்டங்களும் கீறல்களுமாக இருந்தது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். "நாட்டு மேல விசுவாசம் இல்லாதவங்ககூட ஒரே பந்தியில எப்படிங்க உக்கார்றது?"

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். மருந்துக்கடைக்காரர் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து அக்காவின் மேஜைக்கு எதிரே நின்றார்.

"நீ வண்டி ஓட்டப் போனவம்மா. நாங்கல்லாம் இங்கேயே இருந்தவங்க. உனக்கு விசுவாசம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா என் பையனுக்காகப் போடற துணியை நீ ஏன் திருப்பிக் குடுத்தே? அதை மட்டும் சொல்லு."

"இங்க வேண்டாம்ணே."

"இங்கயே சொல்லு. இவ்வளவு நாள் இங்கதானே பேசினாங்க."

அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"போகும்போது மருந்து, கட்டுத்துணி எல்லாம் ஏத்திட்டுப் போவேன். திரும்பும்போது சில நாள் உயிர் இல்லாதவங்கதான் இருப்பாங்க. அவங்க மேல போத்தறதுக்கு இந்தக் கொடியைத்தான் குடுப்பாங்க. துணி எப்பவும் குட்டையாத்தான் இருக்கும்ணே. முகத்தை மூடினா கால் தெரியும். அது மலைப்பாதை, வண்டி குலுங்கும், துணி நழுவும். நான் நிறுத்தி நிறுத்தி இறங்கிப்போய்ச் செருகிவிட்டுட்டு வருவேன். லேட்டாகுதுன்னு ஆபீசர் திட்டுவார், திட்டட்டும்னு இருந்துட்டேன்." "எனக்கு அந்தக் கொடி வேண்டாம்னு இல்ல. அதை விரிச்சு அது மேல தட்டு வச்சுச் சாப்பிட என்னால முடியாது. கை வரமாட்டேங்குது."

மருந்துக்கடைக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என் பையன் உன் வண்டியிலயா வந்தான்?"

"இல்லண்ணே. அவன் இருந்தது வேற பக்கம், வேற வண்டி. வந்திருந்தா அன்னைக்கே வந்து சொல்லியிருப்பேன்."

"அந்த வண்டிக்காரனும் நிறுத்திச் செருகியிருப்பானா?"

அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். "அது எனக்குத் தெரியாதுண்ணே. எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் செருகுவாங்க."

அவர் தலையாட்டினார். திரும்பிப் போய்த் தன் மேஜையிலிருந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாக நாற்காலியில் இறக்கி வைத்தார். விரிப்பை எடுத்து உதறாமல் நிதானமாக மடித்தார். மடிப்பு கோணலாக வந்தது, அக்காவின் கணவர் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். துணி மடிப்பது அவர் தொழிலாயிற்றே. அதைப் பார்த்துச் சிலர் தங்கள் விரிப்பையும் எடுத்தார்கள். சிலர் எடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் தன் மேஜையை விரிப்போடு உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று சாப்பாடு சத்தமில்லாமல் நடந்தது. மருந்துக்கடைக்காரர் இரண்டு வாய் சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு தெரு பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் அது கதையாகிவிடும். வருஷத்துக்கு வருஷம் மேஜை குறைந்ததுதான் மிச்சம். ஆனால் காரணம் எதிரிநாடு இல்லை. பலர் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள், அங்கே லிஃப்டில் மேஜை நுழையாது. மற்றவர்களுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் லீவு, தூங்கவே போதாது.

சில வருஷம் கழித்து ஒரு கோடை முடிந்ததும் மருந்துக்கடைக்காரர் அக்காவிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். அறுபது தாண்டியவர். வீட்டில் மகனுடைய கார் உறை போட்டபடி நின்றிருந்தது. மகனைப் புதைத்த ராணுவக் கல்லறை எல்லை மலைமேல் இருக்கிறது, அங்கே பஸ் கிடையாது.

"ஒவ்வொரு தடவையும் யார்கிட்டயாவது கெஞ்ச வேண்டியிருக்கு. எனக்கு வருமா?"

"வரும்ணே. முதல்ல காலைப் பாக்காம ரோட்டைப் பாருங்க."

அக்காவின் பொறுமையை அவ்வளவு சோதித்த மாணவர் வேறு யாரும் கிடையாது. பின்னால் போகச் சொன்னால் முன்னால் போவார். ஒருமுறை தன் கடைப் படியிலேயே ஏற்றிவிட்டு, "மருந்து பக்கத்துலயே இருக்குதும்மா" என்றார். தேர்வில் இரண்டு முறை தோற்றுத் தேறினார்.

அடுத்த வசந்தத்தில், மேஜை போடும் ஞாயிறன்றே, விடியற்காலையில் தனியாகக் கல்லறைக்குக் கிளம்பினார். அன்று தெருவில் ஐந்து மேஜை. அக்கா சாப்பிடாமல் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டைப் பற்றிய கவலை இல்லை, மலைப்பாதையின் மூன்றாவது வளைவைப் பற்றிய கவலை.

வெயில் சாயும் நேரத்தில் கார் வந்தது. ஓரமாக, ஓரளவு நேராகவே நிறுத்தினார். இறங்கி வந்து அக்காவின் எதிரே உட்கார்ந்தார். கணவர் ஒரு தட்டை நகர்த்திக் கொடுத்தார்.

"கல்லறை மேட்டுல நின்னா அவங்க கிராமம் தெரியுது" என்றார். "தெருவுல மேஜை போட்டிருந்தாங்க. எண்ணிப் பாத்தேன். மூணே மூணு. கிழங்கட்டைங்கதான் உக்காந்திருந்தாங்க."

"கோவம் வந்துச்சாண்ணே?"

"வரும்னுதான் போனேன்." அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எதுக்குன்னு தெரியல, அங்கேயே ரொம்ப நேரம் நின்னுட்டேன்."

அக்கா அவர் தட்டில் சாப்பாட்டை வைத்தார். கணவர் எழுந்துபோய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். மருந்துக்கடைக்காரர் பசியோடு சாப்பிட ஆரம்பித்தார்.